ஆறு வீட்டுக்கும் ஒரே பெட்டி

உட்காருங்க தம்பி. மொட்டை மாடிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, எங்கேயும் ஓடிவிடாது. உங்க ஏணியை உள்ளே எடுத்து வைத்தது நான்தான். மழையில் நனையுமே என்றுதான். அலுமினிய ஏணி நனைந்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். பம்மலில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவள் நான், எனக்கு அலுமினியத்தைப் பற்றி நீங்க சொல்ல வேண்டாம். டீயைக் குடிங்க.

இரண்டாவது மாடி வீட்டுக்குப் புது நெட் கனெக்‌ஷன் போட வந்திருக்கீங்க. பின்தெருக் கம்பத்திலிருந்து ஒயரை மொட்டை மாடிக்கு இழுத்து அங்கிருந்து இறக்கணும், அதற்கு மாடிக் கதவைத் திறக்கணும். சரி. சாவியைத் தரமாட்டேன் என்று சொன்னேனா? சொல்லவில்லையே. யாருக்குப் போடுகிறோம், எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்துகொண்டு போடுங்க என்றுதான் சொல்கிறேன். அந்த வீட்டில் இருக்கிறவள் என் மகள் செண்பகவல்லி. ஒரே மகள். ஆடியிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இப்போது கார்த்திகை.

அவள் இறங்கி வருவாள். வந்தே ஆகணும். நெட் இல்லாமல் இந்தக் காலத்தில் ஒரு குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? என் வாசலில் வந்து நின்று, "எம்மா, நெட்டைக் கொடு" என்று ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நான் எதிர்பார்ப்பது. அதற்காகத்தான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் வரப்போகிற நேரம் பார்த்து நீங்க ஏணியோடு வந்து நிற்கிறீங்க. உங்க ஒயர் மேலே போய்விட்டால் அவள் எதற்குக் கீழே வருவாள்? சொல்லுங்க. அதனால் முதலில் கேளுங்க. சாவி அப்புறம்.

அதோ பாருங்க, டிவிக்கு மேலே, நாலு கொம்போடு ஒரு கறுப்புப் பெட்டி. இந்தக் கட்டடத்தில் ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் நெட் அதிலிருந்துதான் போகிறது. போன் நெட் இந்தச் சுவருக்குள் நத்தை மாதிரி ஊரும். ஏற்பாடு என்னுடையது.

முன்னால் வீட்டுக்கு ஒரு கனெக்‌ஷன், ஆளுக்கு ஒரு பில். படிக்கட்டு முழுக்க ஒயர் தொங்கும், ஈரத்துணி காயப்போடாததுதான் பாக்கி. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆறு பேர் ஒரே கடையில் தனித்தனியாக வாங்கினால் ஆறு பேரும் ஏமாந்தவர்கள். மொத்தமாக வாங்கணும். இதைப் படித்தவர்களுக்கு யார் சொல்வது? எல்லோரையும் இதே ஹாலில் கூட்டி வைத்து நான் சொன்னேன். அப்புறம் கம்பெனிக்காரரை வரவழைத்தேன். உங்க கம்பெனி இல்லை, வேறு கம்பெனி. டை கட்டியிருந்தார். நீங்க உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலி.

எனக்கு ஒரு வழக்கம் தம்பி. விலையை நான் முதலில் சொல்ல மாட்டேன். எதிரில் இருக்கிறவர் வாயைத் திறக்கட்டும். திறந்ததும் மின்விசிறியைப் பார்ப்பேன். ஒன்றும் பேச மாட்டேன். பேச்சே இல்லாத நேரம் இருக்கிறதே, அதைத் தாங்க எல்லோராலும் முடியாது. தாங்க முடியாதவர் தானாகவே இறங்கி வருவார். டை கட்டினவரும் அப்படித்தான். ஒரு தொகை சொன்னார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். இன்னொன்று சொன்னார், அப்போதும் மின்விசிறி.

"மேடம், நீங்க ஏதாவது சொல்லுங்களேன்."

"விக்க வந்தது யாரு? நானா, நீங்களா? நீங்க பேசுங்க, நான் கேக்கேன்."

கடைசியில் பெட்டி இலவசம், ஆறு வீட்டுக்கும் ஒயர் இலவசம், ஒயர் இழுக்கிற ஆளுக்குச் சாப்பாடு மட்டும் எங்கள் பொறுப்பு என்று முடிந்தது. போகும்போது அந்த மனுசர் டையை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, "மேடம், நீங்க எங்க கம்பெனிக்கே வந்துடுங்க" என்றார். செண்பகம் அப்போது இங்கேதான் நின்றாள். சிரித்தாள். "எம்மா, பாவம் அந்த ஆளு" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். அவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும்.

அப்புறம் பெட்டி யார் வீட்டில் இருப்பது என்று ஒரு பேச்சு வந்தது. முதல் மாடியில் கோதண்டம் சார் என்று ஒருவர், ரிட்டயர் ஆனவர். கட்டடத்துக்குத் தான்தான் செக்ரட்டரி என்று அவரே சொல்லிக்கொள்வார், நாங்களும் மறுப்பதில்லை. "நடு மாடி எங்க வீடு. பெட்டி இங்க இருந்தா எல்லாருக்கும் சமமா வரும்" என்றார்.

"பேரம் பேசினது யாரு சார்?"

"நீங்கதான்."

"கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?"

"உங்க பேர்லதான் முப்பிடாதிம்மா."

"அப்போ பெட்டி யார் வீட்டுல இருக்கும்?"

பெட்டி இங்கே வந்தது.

இதில் ஒரு சின்ன விஷயம் தம்பி. நான் வீட்டைப் பூட்டினால் மெயினை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவேன். கீரை வாங்கப் போனாலும் சரி, ஊருக்குப் போனாலும் சரி. இதை நான் விடமாட்டேன். கடையநல்லூரிலிருந்து இவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தவள் நான். பழைய துணிக்குப் பிளாஸ்டிக் வாளி, தெருத்தெருவாக. இடுப்பில் இவள், தலையில் வாளி. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு தகரக் கொட்டகை பிடித்து உள்ளே சரக்கு அடுக்கினேன். ஒரு நாள் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், எல்லா வாளியும் உருகி ஒரே வாளியாகக் கிடக்கிறது. பிளக்கில் ஏதோ பொறி என்றார்கள். ஒருவர்கூட என்னிடம் "சாப்பிட்டாயா" என்று கேட்கவில்லை, "இன்சூரன்ஸ் இருக்கா" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து பூட்டைத் தொடுவதற்கு முன்னால் என் கை தானாகவே மெயினுக்குப் போகும். ஃப்ரிட்ஜில் பால் திரிந்தாலும் எனக்குக் கவலையில்லை.

ஆனால் மெயின் போனால் பெட்டியும் போகும் இல்லையா? அதை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். பெட்டி வந்த மறுநாள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறேன், கேட்டில் நாலு பேர் நிற்கிறார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை எதிர்பார்க்கிற மாதிரி.

"அக்கா, எங்க போனீங்க? கிளாஸ் பாதியில நின்னுபோச்சு!" என்று பர்வீன் ஓடி வருகிறாள். எதிர் வீடு. ஆரி ஒர்க் பிளவுஸ் தைக்க நெட்டில் சொல்லிக் கொடுக்கிறாள். வீட்டுக்காரர் மஸ்கட்டில். நல்ல பெண்தான், வாய் மட்டும் மூடாது.

"கத்தரிக்காய் வாங்கப் போனேன். அதுக்கும் உன்கிட்டச் சொல்லணுமா?"

"சொல்லிட்டுப் போங்கக்கா!"

அதிலிருந்து தொடங்கியது. பேட்டரி ஒன்று வாங்கிப் பெட்டிக்கு மாட்டலாம் என்றார் கோதண்டம் சார். பூட்டின வீட்டுக்குள் பேட்டரியா? நான் தூங்கவா வேண்டாமா? சரி, சாவி ஒன்றை என்னிடம் கொடுங்க, நீங்க போனதும் மெயினைப் போட்டுக்கொள்கிறேன் என்றாள் பர்வீன். என் வீட்டுச் சாவியை நான் கட்டின மனுசனிடமே கொடுத்ததில்லை. அப்படியென்றால் பெட்டியை எங்க வீட்டுக்கே கொடுத்துவிடுங்க என்று கோதண்டம் சார் மறுபடி. எல்லாவற்றுக்கும் முடியாது என்றேன். பேசி வாங்கினது நான்.

அப்போ என்ன செய்தார்கள் தெரியுமா? என்னை வெளியே விடாமல் செய்தார்கள்.

வாட்ஸாப்பில் ஒரு குரூப். "வைஃபை குடும்பம்" என்று பேர். நான் செருப்பை மாட்டினால் போதும், "முப்பிடாதிம்மா கிளம்புறாங்க" என்று ஒரு செய்தி. உடனே மேலேயிருந்து ஒரு குரல், "ஆன்ட்டி, மீட்டிங்ல இருக்கேன், ஒரு மணி நேரம் பொறுங்க!" பொறுத்துவிட்டுக் கிளம்பினால் பர்வீனுக்குக் கிளாஸ். அது முடிந்தால் கோதண்டம் சாருக்கு ஏதோ கோயில் அபிஷேகம் நேரலையில். "சாமி காரியம்மா, தீபாராதனை ஆகட்டும்" என்பார். சாமிக்கு எதிராக நான் செருப்பு மாட்ட முடியுமா? நான் நேரில் போய்க் கும்பிடவேண்டிய கோயிலை அவர் போனில் பார்ப்பதற்காக நான் வீட்டில் உட்காரணும். கேட்டுப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்ததே, வரும்போது பார்த்தீங்களா? அது அவருடையதுதான். பேப்பர் படிப்பதற்காம்.

கடையை ஒரு ஆளிடம் விட்டுவிட்டேன். நான் கல்லாவில் உட்கார்ந்து எத்தனையோ நாளாகிறது. நான் இல்லாமல் அங்கே விலை சொன்னதும் கொடுத்துவிடுகிறானாம், வாடிக்கைக்காரர்களுக்கே வருத்தமாக இருக்கிறதாம். பேரம் பேசாமல் வாங்கினால் வாங்கின மாதிரியே இல்லை என்கிறார்களாம். நான் இங்கே இந்த நாலு சுவருக்குள், பூட்டாத ஜெயிலில். திறந்த கதவு, இடுப்பில் சாவி, காலில் செருப்பு, எல்லாம் இருக்கிறது. போக முடியவில்லை.

நிற்காதீங்க. ஏணியை அங்கேயே விடுங்க. அடுத்த இடத்துக்கு நேரமானால் ஆகட்டும். இன்னும் முக்கியமானதையே சொல்லவில்லை.

என் மருமகன் பேர் சிவசு. நான்தான் பார்த்து முடித்தேன். அந்த வீட்டைக்கூட பில்டரிடம் நான்தான் பேசி வாங்கிக் கொடுத்தேன். நல்ல மனுசர், அதிர்ந்து பேச மாட்டார். அவர் கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது அவரையும் அனுப்பிவிட்டார்கள். நாலைந்து மாதம் வீட்டில். ஆடியில் ஒரு பெரிய இடத்திலிருந்து இன்டர்வியூ வந்தது, கம்ப்யூட்டரிலேயே முகம் பார்த்துப் பேசுகிற இன்டர்வியூ. அன்று காலையில் செண்பகம் கீழே வந்தாள்.

"எம்மா, பதினோரு மணிக்கு அவருக்கு இன்டர்வியூ. எங்கேயும் போயிடாத."

கவனிச்சீங்களா? போயிடாத என்றாள். போகாமல் இருப்பாயா என்று அவள் கேட்கவில்லை. ஊரார்தான் எனக்குக் காவல் போடுகிறார்கள் என்றால் பெற்றவளும்... பெற்ற மகளுமா? சரி, பொறுத்தேன். "போகலட்டி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பதினொன்றே காலுக்குப் புரோக்கர் போன் செய்கிறார். குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தை மூடுகிறார்கள், பாத்திரம் முழுக்க விலைக்கு வருகிறது. "முப்பிடாதிக்கா, அரை மணிக்குள்ள வந்தா உங்களுக்கு. இல்லன்னா பல்லாவரத்துக்காரர் வண்டியோட நிக்கிறாரு." அண்டா, குண்டா, சாம்பார் வாளி, எல்லாம் பழைய கனத்த பித்தளை தம்பி. இப்போது அந்தக் கனத்தில் யாரும் வார்ப்பதில்லை. எழுந்தேன். போனேன். கேட்டில் கோதண்டம் சார்கூட இல்லை, அவருக்குப் பல் டாக்டர். மெயினை அணைக்கணும் என்று நான் நினைக்கவேயில்லை, சத்தியமாக. கைதான் அணைத்தது. முப்பது வருசப் பழக்கம். அதற்கு நான் என்ன செய்வது, கையை வெட்டிப் போடவா?

அன்று நான் பேசின பேரம் மாதிரி வாழ்க்கையில் பேசினதில்லை. பல்லாவரத்துக்காரர் வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே முன்னால் உட்கார்ந்து வருகிறேன், கேட்டில் செண்பகம் நிற்கிறாள்.

"ஏட்டி, பாரு என்ன கொண்டுவந்திருக்கேன்னு!"

"எம்மா, இன்டர்வியூ பாதியில போச்சு."

"மறுபடி போடச் சொல்லு."

"அவங்க அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க."

"பாதியில விட்டுட்டுப் போற கம்பெனி, நாளைக்கு வேலையில மட்டும் வச்சிருக்குமா? போனது நல்லதுன்னு நெனச்சுக்கோ."

நான் சொன்னது நியாயம்தானே? ஆறுதலாகத்தானே சொன்னேன்? அவள் முகம் போன போக்கைப் பார்க்கணும். பின்னாலேயே மாப்பிள்ளை இறங்கி வந்தார். மேலே கோட்டு, கீழே லுங்கி. கேமராவில் மேல் பாதிதானே தெரியும். "விடு செண்பகம், அத்தைக்கு என்ன தெரியும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. எனக்கு என்ன தெரியுமா? டை கட்டினவனை டையைக் கழற்ற வைத்தவளுக்கு என்ன தெரியுமா?

அதோடு விட்டிருப்பேன். அவள் என் வீட்டுக்குள் வந்து கையை நீட்டினாள். "உன் வீட்டுச் சாவி ஒண்ணு என்கிட்ட கொடும்மா. நீ போனா நான் வந்து மெயினைப் போட்டுக்கறேன். அவருக்கு இன்னொரு தடவை இப்படி ஆகக் கூடாது." எல்லாரும் கேட்டதையே இவளும் கேட்கிறாள். அந்த ஆத்திரத்தில் பெட்டியிடம் போனேன், அவள் வீட்டுக்குப் போகிற ஒயரைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. "வேணும்னா வந்து ஒழுங்காக் கேளுட்டி. போட்டுத் தாரேன்" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். இல்லையென்றால் கத்துவாள். நின்ற இடத்திலேயே தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தாள் தம்பி. ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வித்தையை என்னிடமேவா? பார்த்துக்கொண்டே நின்றாள், அப்புறம் மேலே போய்விட்டாள்.

அன்றே எனக்குப் புரிந்துவிட்டது, இது பேரம். யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தோற்றார்கள். அவள் என் இடுப்பிலிருந்து இதைக் கற்றுக்கொண்டவள், சுலபத்தில் இறங்கமாட்டாள். ஆனால் இவளுக்கு முன்னால் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

தினமும் இந்த வாசலைத் தாண்டித்தான் போகிறாள். செருப்புச் சத்தத்திலேயே தெரியும், வலது காலைக் கொஞ்சம் தேய்த்து வைப்பாள். நான் கதவை விரியத் திறந்து வைப்பேன். திரும்ப மாட்டாள். தீபாவளிக்கு அவளுக்கு எடுத்த புடவை அந்தக் கவரில் அப்படியே இருக்கிறது. வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன். "தீபாவளிப் புடவையை யாராச்சும் கேட்டு வாங்குவாங்களாக்கா?" என்கிறாள் பர்வீன். அவளுக்கு வியாபாரம் தெரியாது.

பர்வீன் என்றதும் ஞாபகம் வருகிறது. புரட்டாசியில் ஒரு நாள் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறாள். "அக்கா, இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் மட்டும் எங்கேயும் போயிடாதீங்க. எங்க வீட்டுல முக்கியமான கால்." கோதண்டம் சார் வேறு கேட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என்ன அப்படி முக்கியம்? மஸ்கட்டில் வீட்டுக்காரருக்கு விசா பிரச்சினையாம். சரி போகட்டும் என்று, சமையலுக்கு உப்புகூட இல்லை, வாங்கப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் ஆம்பிளைக் குரல், இங்கிலீஷில், ஒரு மணி நேரம். மஸ்கட் போனதும் மனுசனுக்கு இங்கிலீஷ் நன்றாக வந்துவிட்டது. நடுவில் என் மாப்பிள்ளைகூட அங்கே வந்திருந்தார். தேய்த்த சட்டை, கோட்டு, இந்தத் தடவை பேன்ட்டு. பர்வீனின் தையல் மிஷினில் ஏதோ கோளாறு என்று பார்த்துக் கொடுக்க வந்தாராம். மிஷின் பார்க்கக் கோட்டு எதற்கு என்று தோன்றியது. வேலை இல்லாத மனுசர், கோட்டாவது போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வெளியே வந்தபோது பர்வீன் என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். விசா கிடைத்துவிட்டதாம். அவளுக்காக நான் உப்பில்லாமல் சாப்பிட்டேன் தம்பி. இந்தக் கட்டடத்துக்கு நான் செய்ததெல்லாம் கொஞ்சமில்லை.

ஐப்பசியில் என் தங்கச்சி மகன் கல்யாணம், ஊரில். போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேளுங்க. இவர்கள் விடவில்லையென்றா? இல்லை. அந்தத் தடவை விட்டார்கள். கோதண்டம் சார் நேரில் வந்து, "நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்கம்மா. நாலு நாள் பெட்டி எங்க வீட்டுல இருக்கட்டும். வந்ததும் திருப்பித் தந்துடறேன். எழுதிக்கூடத் தரேன்" என்றார். நான் கத்தின கத்தில் அவர் செருப்பை மறந்துவிட்டுப் போனார். பின்னே? அந்த நாலு நாளில் செண்பகம் இறங்கி வந்தால்? மனசு மாறி, வாயைத் திறக்கலாம் என்று வந்து, இங்கே பூட்டு தொங்கினால்? அவர் வீட்டு வாசலில் போய்க் கேட்பாளா? என்னிடம் கேட்கவேண்டியதை அவரிடமா கேட்பது? அப்புறம் நான் இத்தனை நாள் உட்கார்ந்ததற்கு என்ன அர்த்தம்? தங்கச்சி போனில் என்னைத் திட்டினாள். "ஆறு வீட்டு நெட்டு என் தலையில் இருக்குட்டி, நான் எங்க வர?" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மைதானே அதுவும்.

உங்க போன் அடிக்கிறது. யார், அவளா? எடுங்க. ஸ்பீக்கரில் போடுங்க. நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லாதீங்க. சாவி கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்க. சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்க. அவள் வாயைத் திறக்கட்டும்.

...

வைத்துவிட்டாளா?

என்ன சொன்னாள் அவள்? "சாவி கொடுக்கலன்னா விட்டுடுங்கண்ணா. குடிவர்றவங்க வந்து பாத்துக்கட்டும். நாங்க ஞாயித்துக்கிழமை ஓசூர் போறோம்." இதுதானே சொன்னாள்? எனக்குச் சரியாகத்தானே கேட்டது? யார் குடிவருகிறது? கனெக்‌ஷன் யார் பேரில் போட்டிருக்கிறது, காட்டுங்க. ஜெயசீலனா? யார் அது ஜெயசீலன்?

வாடகைக்கு வருகிறவரா.

இதை ஏன் வந்ததுமே சொல்லவில்லை நீங்க? இவ்வளவு நேரம் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கீங்களே, வாயில் என்ன கொழுக்கட்டையா? நான் பேச விட்டேனா என்றா கேட்கிறீங்க?

விடவில்லைதான்.

ஓசூரில் என்ன? வேலையா? மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டதா? எப்படிக் கிடைக்கும் தம்பி? வீட்டில் நெட்டே கிடையாது. நெட் இல்லாத வீட்டு ஆளுக்கு யார் வேலை கொடுப்பான்? யாரோ ஏமாற்றுகிறான். விசாரிக்கணும். நல்ல கம்பெனியா, சொன்னபடி சம்பளம் கொடுப்பானா, ஒன்றும் தெரியாமல் வீட்டைக் காலி செய்து... ஞாயிற்றுக்கிழமை என்றாளே, இன்றைக்கு வெள்ளி.

கடையில் ஒருவர் விலை படியாமல் படி இறங்கினால் நான் கூப்பிட மாட்டேன். ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இறங்குகிறவர் நாலு எட்டு வைப்பார், ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டார் என்றால் முடிந்தது, சரக்கை அவர் பையில் போட்டுவிடலாம். இவள் எத்தனை மாதமாக இந்தப் படியில் ஏறி இறங்குகிறாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே. நான் அதை வீம்பு என்றுதானே நினைத்தேன். தம்பி, அவள் என்னோடு பேரமே பேசவில்லையா? நான் மட்டுமா இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்?

அவள் சாமான் கட்டுகிற சத்தம்தான் போலிருக்கிறது, இரண்டு நாளாக மேலே இழுக்கிற சத்தம். அலமாரியை ஒழுங்கு பண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

என் செருப்பு எங்கே. இல்லை, மாடிக்குப் போக எதற்குச் செருப்பு. மெயினை... ஐயோ, கை போய்விட்டது பாருங்க, அதுவே போகிறது. பர்வீன் கிளாஸ் எடுக்கிறாள், கேட்கிறதா? அணைக்கவில்லை. பூட்டவும் இல்லை. நீங்க இங்கேயே இருங்க. ஆள் இருக்கிற வீட்டில் எதற்கு மெயினை அணைப்பது? இருபது வீடு பாக்கி இருந்தாலும் இருங்க, நான் கம்பெனியில் பேசிக்கொள்கிறேன். பேசுவதைப் பற்றி நீங்க கவலைப்பட வேண்டாம். உங்க பேரைக்கூட நான் கேட்கவில்லை. என்ன பேர்? தனுஷ்கோடியா? உட்காருங்க தனுஷ்கோடி. மாடிச் சாவியா? வந்து தருகிறேன். இப்போது கொடுத்தால் நீங்க மேலே போய்விடுவீங்க, வீட்டில் யார் இருப்பது?

ஒன்று கேட்கிறேன். தினமும் எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டுகிறீங்க. முன்பின் தெரியாத வீடு, நெட் போய் ஒரு வாரமாகக் கொதித்துக்கொண்டிருக்கிற ஆட்கள், முகத்திலேயே கதவைச் சாத்துகிறவர்கள். அங்கே போய் நின்றால், கதவு திறந்ததும் முதல் வார்த்தை என்ன சொல்வீங்க?

"உள்ளே வரலாமா" என்றா?

அவ்வளவுதானா? கேட்கவா செய்வீங்க?

நான் அவள் வீட்டுக்குள் போகும்போது ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை தம்பி. நான் பேசி வாங்கிக் கொடுத்த வீடு அது. நேராக அடுப்படி வரைக்கும் போவேன்.

வராதே என்று சொல்லிவிட்டால்? அப்போது என்ன செய்வீங்க?

வாசலிலேயே நிற்பீங்களா.

சரி. நிற்கிறேன்.